கலிங்கு இல்லாத ஏரி

கரும்பு நடுவோர்க்குக் கணு என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அரூரைச் சுற்றிலும், கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஊர்களிலும், விதைக்கரணை வெட்டுகிறவர்கள் கணுவைப் பார்த்தே அரிவாளை வைப்பார்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவே இருப்பது சாறு. பரு இருப்பதோ கணுவில். கணு கெட்ட கரணை மண்ணுக்குள் அழுகும், முளைக்காது. இன்று இதே சொல்லைக் கணினித் துறையும் எடுத்துக்கொண்டுள்ளது. வலைப்பின்னலில் ஒன்றோடொன்று இணைக்கப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் கணு என்றே தமிழில் பெயரிட்டிருக்கிறோம். பெயர் பொருந்தவே செய்கிறது. அங்கும் கணுவிலிருந்துதான் ஒன்று முளைக்கிறது. அதற்குத் தீர்மானம் என்று பெயர்.

அந்தத் தீர்மானம் யாருடையது? அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பவர் யார்? பொறியியலாளர்களுக்கு மட்டுமே உரிய வினா இது என்று ஒதுக்கிவிட முடியாத காலத்தில் நாம் வாழ்கிறோம். எனவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

படமாக வரையப்படும் வேலை

தொலைபேசியும் வங்கியும் அரசு அலுவலகமும் இன்று கணினி வலைப்பின்னல்களின் மேல் நிற்கின்றன. அந்த வலைப்பின்னல்களைப் பேணுவது நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. ரூட்டர், சுவிட்ச் போன்ற கருவிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் பொறியாளர் தனித்தனியே நுழைந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். நூறு கருவிகள் என்றால் நூறு முறை. எழுபதாவது கருவியில் கண் அயர்ந்து ஓர் எழுத்துப் பிசகினால், எங்கோ ஓர் ஊரின் இணைப்பு அறுந்துபோகும். இந்தச் சலிப்பையும் பிழையையும் நீக்கவே தானியக்கம் வந்தது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒருமுறை எழுதி வைத்தால், அதன்பின் கணினியே அதைச் செய்துகொள்ளும்.

தொடக்கத்தில் அவ்வாறு எழுதி வைப்பதற்கு நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் எளிய வழிகள் பிறந்தன. 2013-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஓலியரி, டேவ் கான்வே ஜோன்ஸ் ஆகிய இருவர் நோட்-ரெட் என்னும் கருவியை உருவாக்கினர். 2019-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரிலிருந்து என்-எய்ட்-என் என்ற மற்றொரு கருவி வெளிவந்தது. நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் பங்குண்டு. 1996-இல் தொடங்கப்பட்டு, வலைப்பின்னல் மேலாண்மைக்கான மென்பொருளையே தன் முதல் தொழிலாகக் கொண்ட அட்வென்ட்நெட் நிறுவனம்தான் 2009-இல் சோஹோ என்று பெயர் மாறியது. அந்நிறுவனத்தின் ஆப்மேனேஜர் என்னும் மென்பொருளிலும் இத்தகைய பணியோட்டங்களைத் திரையில் இழுத்து வைத்தே அமைத்துவிடலாம்.

அமைக்கும் முறையைச் சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். திரையில் சிறு சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வேலை, அதுவே கணு. ஒரு கணுவிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுத்தால் அது கம்பி. ‘ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்’ என்பது முதல் கணு. ‘பதில் வந்ததா?’ என்பது இரண்டாவது. வரவில்லையென்றால் ‘இரண்டு நிமிடம் பொறு’ என்பது மூன்றாவது. ‘மறுபடி கூப்பிடு, அப்போதும் பதில் இல்லையேல் மாற்றுப் பாதையைத் திற, பணியில் உள்ளவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பு’ என்று படம் வளர்ந்துகொண்டே போகும். முடிவில் ஓர் ஆற்றின் கிளைக் கால்வாய்களைப் போல அது திரையை நிரப்பி நிற்கும்.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து உட்கார்ந்து செய்த வேலையை, அவர் தூக்கம் கெடாமல் கணினி செய்து முடிக்கிறது. தட்டச்சுப் பிழைகள் குறைகின்றன. அதைவிட முக்கியமானது, நிரல் எழுதத் தெரியாத மேலாளரும் அலுவலரும்கூடப் படத்தைப் பார்த்து, ‘இங்கே ஏன் இப்படிப் போகிறது?’ என்று கேட்க முடிகிறது. மறைவாக இருந்த தீர்மானங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வந்திருக்கின்றன. அறநோக்கில் இது சிறிய நன்மையன்று.

இரண்டு வாசல்கள்

ஆயினும் கண்ணுக்குத் தெரியும் படத்திலும் ஓர் இடம் கண்ணில் படாமல் போகிறது. ‘ஆமா, இல்லையா?’ என்று கேட்கும் ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. வரைகிறவர் பெரும்பாலும் ‘ஆம்’ என்ற வாசலிலிருந்தே கம்பி இழுத்துக்கொண்டு போவார். அவர் மனத்தில் இருப்பது வேலை முடியும் வழி. ‘இல்லை’ என்ற வாசலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. விட்டுவிட்டாலும் படம் ஓடும்! கருவி அவரைத் தடுக்காது. அந்த வாசலுக்கு வந்த செய்தி, போக வழியின்றி, ஓசையின்றி மறைந்துபோகும். பிழை நேர்ந்தால் அதைப் பிடித்து வைக்கவும் தனிக் கணு ஒன்று உண்டு. ஆனால் அதையும் வரைகிறவரே நினைவாக இழுத்து வைக்க வேண்டும். வைக்காத படமும் பார்ப்பதற்கு முழுமையாகவே தோன்றும். சொல்லப்போனால், கிளைகள் குறைந்ததால் இன்னும் அழகாகத் தோன்றும்.

இணைக்கப்படாத அந்த வாசலில் யார் நிற்கிறார்? வினா இங்கேதான் பொறியியலை விட்டு அறத்துக்குள் நுழைகிறது.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு பைபர்நெட் கழகம் மேற்கொண்டது. 2020 முதல் நியாயவிலைக் கடைகளில் கைரேகை பதிந்து பொருள் பெறும் முறை வந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தின் கணினியே வாசலாயிற்று. இவை யாவும் நல்ல நோக்கத்தோடு வந்தவையே. ஆனால் சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி வரும் கூலித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, முறை வரும்போது அவர் கேட்கும் சொல், ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்பதாக இருந்தால்? அந்தச் சொல்லைச் சொல்லும் ஊழியரைக் கடிந்து பயனில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட படத்தில் ‘இல்லை’ என்ற வாசலுக்குக் கம்பியே கிடையாது. ‘நாளை வாருங்கள்’ என்பது ஒரு வழியன்று. வழி இல்லை என்பதன் மரியாதையான வடிவம்.

வலைப்பின்னலைக் கண்காணிக்கும் அறைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. மேலே உள்ள ஒரு ரூட்டர் நின்றுபோனால், அதற்குக் கீழே தொங்கும் கருவிகள் அனைத்தும் எச்சரிக்கை எழுப்பும். நூறு எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் பொறியாளர் திணறுவார். எனவே, ‘மேலே உள்ளது நின்றிருந்தால், கீழே உள்ளவற்றின் எச்சரிக்கைகளை அடக்கிவிடு’ என்று ஒரு விதி வரைவார்கள். தொழில்முறையில் இது சரியானதே. உண்மையான காரணத்தை உடனே கண்டுபிடிக்க உதவுவது. எனினும் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். கீழே உள்ள நூறு ஊர்களும் அந்த நேரத்தில் திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளியாகச் சுருங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கலாம். மற்றொன்றில் பிரசவ வேதனையில் உள்ள பெண்ணுக்காக ஆம்புலன்சை அழைக்க முயலும் கணவர் இருக்கலாம். புள்ளி ஒன்றுதான். ஆனால் துன்பங்கள் ஒன்றல்ல. எதை அடக்குவது, எதை அடக்கக் கூடாது என்று படம் வரைந்தவர் என்றோ ஒரு பிற்பகலில் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவின் எல்லைக்குள் யார் யார் வாழ்கிறார்கள் என்பதை அவர் கண்டிருக்க நியாயமில்லை.

ஏரி கட்டியவர்கள் அறிந்தது

நம் முன்னோர்களும் வலைப்பின்னல் அமைத்தவர்களே. அவர்கள் கையாண்டது தண்ணீர். ஓர் ஏரியின் மிகுதி நீர் அடுத்த ஏரிக்கும், அதன் மிகுதி அதற்கடுத்ததற்கும் போகும்படி சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தார்கள். ஒவ்வோர் ஏரிக்கும் மதகு உண்டு. வேண்டியபோது வேண்டிய அளவு நீரை வயலுக்கு விடுவது அதன் வேலை. அது ‘ஆம்’ என்ற வாசல். அத்துடன் அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கரையின் ஓரத்தில் கலிங்கு என்ற ஒன்றையும் கட்டினார்கள். நம் பகுதியில் அதைக் கோடி என்றும் சொல்வர். கணக்குக்கு மீறி நீர் வந்தால், கரை உடையாமல் வெளியேற அதுவே வழி. பல ஆண்டுகள் கலிங்கு வறண்டே கிடக்கலாம். ‘எதற்கு இந்த வீண் செலவு?’ என்று அவர்கள் கேட்கவில்லை. கலிங்கு இல்லாத ஏரி, ஏரியாகாது. அது கரைக்குக் கீழே வாழ்வோரின் தலைமேல் தொங்கும் ஆபத்து என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2024 நவம்பர் 30 அன்று கரையேறிய பெஞ்சல் புயலின் மழை இதை நமக்கு மறுபடியும் நினைவூட்டிற்று. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது, அரூரிலும் 30 செ.மீ.க்கு மேல் பெய்தது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. வழி விடப்பட்ட இடத்தில் நீர் வழியோடு போயிற்று; வழி அடைக்கப்பட்ட இடத்தில் வீட்டுக்குள்ளும் சாலைக்கும் புகுந்தது. ‘இவ்வளவு வரும் என்று எவர் நினைத்தார்?’ என்று பின்னர் பேசிக்கொண்டோம். நினைத்துப் பார்க்க முடியாததற்கும் ஒரு வழி வைப்பதுதான் கலிங்கின் பொருள்.

சொன்னபடி செய்த கருவிகள்

உலகின் பெரும் நிறுவனங்களும் இப்பாடத்தை விலை கொடுத்தே கற்றுள்ளன. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்சாப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலைப்பின்னலையே துண்டித்துவிட்டது. அத்தகைய தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் கோளாறு இருந்தது. அதன் பிறகு நிகழ்ந்ததே நாம் கவனிக்க வேண்டியது. இணைய முகவரிகளைச் சொல்லும் சர்வர்களுக்கு முன்பே ஒரு விதி கொடுக்கப்பட்டிருந்தது: ‘தரவு மையத்தோடு உன்னால் பேச முடியாவிட்டால், உன்னிடம் ஏதோ கோளாறு என்று கொள், இணையத்திலிருந்து விலகிக்கொள்.’ ஒரு சர்வர் கெட்டால் மற்றவை பார்த்துக்கொள்ளும் என்ற நல்லெண்ணத்தில் வரைந்த விதி அது. அன்று எல்லாச் சர்வர்களாலும் ஒரே நேரத்தில் பேச முடியவில்லை. எனவே எல்லாமே அடக்கத்தோடு விலகிக்கொண்டன. எந்தச் சர்வரும் கீழ்ப்படியாமல் இருக்கவில்லை. எல்லாம் கீழ்ப்படிந்ததே துன்பமாயிற்று. இறுதியில் மனிதர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. அங்கும் பலத்த பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கடந்து உள்ளே சென்று வேலை செய்ய நேரம் பிடித்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 20 அன்று, அமேசான் நிறுவனத்தின் வட வர்ஜீனியாக் கணினி மையங்களில் மற்றொன்று நிகழ்ந்தது. முகவரிப் பட்டியலைத் தானே புதுப்பிக்கும் அமைப்பில் ஒரே வேலையைச் செய்யும் இயக்கிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று தாமதமாகி, பழைய பட்டியலைப் புதியதன் மேல் எழுதிவிட்டது. மற்றொன்று, பழையதைத் துப்புரவு செய்வது தன் கடமை என்று அதை அழித்துவிட்டது. முடிவில் ஒரு முக்கியச் சேவையின் முகவரியே வெறுமையாயிற்று. தானியக்கத்தால் அதைத் தானே சரிசெய்துகொள்ள இயலவில்லை. மனிதக் கை தேவைப்பட்டது. அதனை நம்பியிருந்த எண்ணற்ற சேவைகள் அதற்குள் நின்றுபோயிருந்தன.

இவற்றைக் காட்டி, தானியக்கமே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. கைவேலையிலும் பிழை உண்டு. அதில் களைப்பும் கோபமும் கூடச் சேரும். நாம் கற்க வேண்டியது வேறு. நல்லெண்ணமும் கீழ்ப்படிதலும் மட்டும் பாதுகாப்பு ஆகா. ‘நான் நினைத்தது நடவாவிட்டால் என்ன செய்வது? அப்போது உள்ளே நுழைய ஒரு மனிதனுக்கு வழி இருக்கிறதா?’ என்ற இரு வினாக்களையும் வரையும்போதே கேட்டாக வேண்டும்.

‘என் கட்டம் மட்டும்’

பணியோட்டப் படம் நம் மனத்துக்கு ஒரு வசதியான மறைவிடத்தையும் தருகிறது. ‘நான் வரைந்தது இந்த ஒரு கட்டம் மட்டுமே, அது சரியாகவே ஓடியது’ என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். வரைந்தவர் ஒருவர், ஒப்புதல் தந்தவர் ஒருவர், ஓடவிட்டவர் ஒருவர். தீங்கு நேர்ந்தபின் தேடினால் பொறுப்பு எந்தக் கணுவிலும் தங்கியிருக்காது. கம்பிகளின் வழியே ஓடிக் கடைசியில் ‘சிஸ்டம்’ என்ற ஆளில்லாத இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

அரூருக்கு அருகில் வாழும் நாம் இவ்விடத்தில் வாச்சாத்தியை நினையாமல் இருக்க இயலாது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூரில் இழைத்த கொடுமையை நாடறியும். அம்மக்களின் முறையீடு கேட்பாரற்றுக் கிடந்து, 1995-இல் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்ததோடு, நிகழ்ச்சிக் காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது.

அம்மக்கள் பட்ட துயரைக் கணினிக் கோளாறு ஒன்றோடு ஒப்பிடுவது பாவம், நாம் ஒப்பிடவில்லை. அது மனிதர் மனமறிந்து செய்த கொடுமை. அத்தீர்ப்பு எல்லாக் காலத்துக்கும் சொல்லிச் செல்லும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சங்கிலியில் ஒரு கண்ணிதான் நான் என்பது எவரையும் விடுவிப்பதில்லை. செய்தவர் மட்டுமின்றி, முறையீடு வந்து சேரும் வாசலைத் திறக்க வேண்டிய இடத்தில் இருந்து திறவாதவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. மனிதர்கள் கட்டளைச் சங்கிலியாக நின்றபோது உண்மையாக இருந்த இந்த நியதி, அச்சங்கிலியைக் கணினியில் வரைந்து வைத்ததால் பொய்யாகிவிடுமா?

கம்பி இழுக்கும் கடமை

அவ்வாறெனில் படம் வரைகிறவர் செய்யத் தக்கது யாது? அரிய சாதனை எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு ‘இல்லை’ வாசலிலிருந்தும் ஒரு கம்பி இழுத்து, அதைப் பெயரும் தொலைபேசியும் உள்ள ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பலரின் வாழ்வைத் தொடும் மாற்றத்துக்கு முன், ‘நிறுத்து, ஒருவர் பார்த்து ஒப்புதல் தரட்டும்’ என்று ஒரு கணுவை வைக்க வேண்டும். ஒப்புதல் தருகிறவரும் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறவராக இருக்கக் கூடாது; மறுக்கும் உரிமையும், மறுப்பதற்கு வேண்டிய நேரமும் அவருக்கு உண்மையாகவே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கம்பியின் மறுமுனையில் உள்ள ஊருக்குப் போய், அங்கே வரிசையில் நிற்பவரோடு தாமும் நின்று பார்க்க வேண்டும். திரையில் தெரியாத கணுக்கள் அங்கே தெரியும்.

இது இயலாத ஒன்றன்று. 2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் ஏற்பாடு. கடைக்கு வர இயலுமா என்ற வினாவுக்கு ‘இல்லை’ என்று பதில் சொன்னவர்கள் அதற்கு முன்னும் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் நின்ற வாசலுக்குப் பிந்தியேனும் ஒரு கம்பி இழுக்கப்பட்டது. அது எல்லா இடத்திலும் பழுதின்றி ஓடுகிறதா என்பதைப் பயன் பெறுவோரே சொல்ல வேண்டும். ஆனால் இழுக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தார் என்பது போற்றத்தக்கது.

வாசகர்களுள் பலர் கணினித் திரையில் எதையும் வரைந்திராதவர்களாக இருக்கலாம். ஆயினும் நாம் எல்லாரும் பணியோட்டங்களை வரைந்துகொண்டே இருக்கிறோம். கட்டணம் கட்டாத மாணவரைத் தேர்வு அறைக்குள் விடுவதா என்று விதி செய்யும் பள்ளி நிர்வாகம் வரைகிறது. கடன் தவணை தவறிய உறுப்பினரை எப்படி நடத்துவது என்று தீர்மானிக்கும் மகளிர் குழு வரைகிறது. சொன்னபடி கேட்காத பிள்ளைக்கு வீட்டில் என்ன இடம் என்று முடிவு செய்யும் பெற்றோரும் வரைகிறார்கள். ‘ஆம்’ என்று சொல்பவர்களுக்கு நம் படங்களில் எப்போதும் வழி இருக்கிறது. அதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. ‘இல்லை’ என்று மட்டுமே சொல்ல இயன்றவர் நம் வாசலில் வந்து நிற்கும்போது, அவர் போவதற்கு ஓர் இடத்தை நாம் முன்னதாகவே எண்ணி வைத்திருக்கிறோமா என்பதில்தான் நம் அறம் அளக்கப்படுகிறது. வறண்ட ஆண்டுகளில் வீணாகத் தோன்றினாலும், அந்த இடத்தை இன்றே கட்டி வைப்போம்.